வேரடி மண்ணோடு ஒரு துணுக்குக் குடல்

பரோட்டா மாஸ்டர் மாவு வீசுவதை நின்று பார்த்திருப்பீர்கள். எலுமிச்சை அளவு உருண்டை இரண்டு வீச்சில் கைக்குட்டையாகிறது. மூன்றாவது வீச்சில் பின்னால் எரியும் விளக்கு தெரிகிற அளவுக்கு மெல்லிய திரையாக விரிகிறது, ஆனாலும் கிழிவதில்லை. அரிசி மாவில் இந்த வித்தை பலிக்காது, கேழ்வரகிலும் கம்பிலும் பலிக்காது. மைதாவைப் பிசைந்து குழாயடியில் பிடித்துக் கழுவிக்கொண்டே இருங்கள். மாவுச்சத்து பால்போலக் கரைந்து ஓடிவிடும். கையில் சவ்வுமிட்டாய் போல இழுபடும் ஒன்று மிஞ்சும். அதற்குக் குளுட்டன் என்று பெயர். தமிழில் பசையம் என்கிறோம். கோதுமையிலும் அதன் உறவுகளான பார்லி, ரை தானியங்களிலும் இருக்கும் புரதம் அது.

நம்மில் பெரும்பாலோருக்கு இந்தச் சவ்வால் ஒரு தொந்தரவும் இல்லை. சிலருக்கு மட்டும் அதைச் சாப்பிட்டால் சிறுகுடலின் உட்சுவர் மழிந்துபோகிறது. நல்ல குடலின் உட்பரப்பு டர்க்கி டவல் மாதிரி இருக்கும். துண்டில் நூல்வளையங்கள் நெருக்கமாக நிற்பதுபோலக் குடலுறிஞ்சிகள் நின்று, செரித்ததை உள்ளே இழுக்கும். சீலியாக் என்ற இந்த நோய் வந்தவரின் குடல், துவைத்துத் துவைத்து நைந்த துண்டுபோல வழவழப்பாகிவிடும். சாப்பாடு வயிற்றுக்குள் போகும், உடம்பில் ஒட்டாது. ஓயாத வயிற்றுப்போக்கு, எத்தனை இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் ஏறாத ரத்தசோகை, வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளை என்று அது வெளியே தெரியும். இவ்வளவையும் செய்வது நோயாளியின் சொந்த நோயெதிர்ப்புச் செல்கள். அதனால் முதல்வகை நீரிழிவு, முடக்குவாதம், லூபஸ் ஆகியவற்றோடு இதையும் தன்னுடல் தாக்குநோய் என்ற குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

இனி புதிர். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பி.எஸ். ராமகிருஷ்ணா, தில்லி எய்ம்ஸின் கோவிந்த் மகாரியா உள்ளிட்ட மருத்துவர்கள், இந்தியாவின் வடக்கிலும் வடகிழக்கிலும் தெற்கிலுமாக 23,000-க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்து 2016-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இந்த நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வடக்கில் நூற்றுக்கு 38 பேரிடம் இருந்தது. தெற்கில் 36 பேரிடம். கிட்டத்தட்டச் சமம். நோயோ வடக்கில் ஆயிரத்துக்கு எட்டுப் பேருக்கு மேல். தெற்கில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒருவர். வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிடுகிறார், தெற்கே வெறும் 25 கிராம். சரி, சோறு நம்மைக் காப்பாற்றியது என்று சொல்லிவிடலாம். ஆனால் வடக்கிலேயே அந்த 38 பேரும் தினமும் ரொட்டி சாப்பிடுகிறவர்கள்தானே? மரபணுவும் இருக்கிறது, கோதுமையும் இருக்கிறது. அப்படியிருந்தும் அந்த 38 பேரில் ஒருவருக்குக்கூட முழுதாக நோய் வரவில்லை என்றுதான் கணக்கு சொல்கிறது. மூன்றாவதாக ஏதோ ஒன்று வேண்டும். அது என்ன?

இப்படியொரு கேள்வியைக் கேட்க முடிவதே சீலியாக் நோயின் தனிச் சலுகை. மற்ற தன்னுடல் தாக்குநோய்கள் பெரும்பாலானவற்றில் முதல் கல்லை எறிந்தது யாரென்றே தெரியாது. கணையத்தின் இன்சுலின் செல்களைத் தாக்கும்படி டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டிவிட்டது எது என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை. சீலியாக்கில் மட்டும் தூண்டுகோல் தெரியும், மரபணு தெரியும், எதன்மேல் எதிர்ப்பொருள் உண்டாகிறது என்பதும் தெரியும். இந்தக் குடும்பம் முழுவதையும் புரிந்துகொள்ள விரும்பும் ஆய்வாளர்கள் இந்த ஒன்றைப் பயிற்சிக்களமாக எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

தூண்டுகோலைக் கண்டுபிடித்தவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45-இல், நெதர்லாந்து பட்டினி கிடந்தது. ரொட்டி இல்லை. ஊரே மெலிந்துகொண்டிருந்தபோது சீலியாக் குழந்தைகள் தேறினார்கள், ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டிக்கேவுக்குச் சந்தேகம் 1930-களிலேயே வந்துவிட்டது. கோதுமையை விலக்கிப் பார்த்து 1941-இலேயே எழுதியும் இருந்தார். பஞ்சம் அவருடைய சந்தேகத்தை வலுப்படுத்தியது, அவ்வளவுதான். எனக்கு அவரிடம் பிடித்தது பஞ்சத்துக்குப் பின் அவர் செய்த காரியம். ஒரே குழந்தைக்குக் கோதுமை கொடுத்துப் பார்த்தார், நிறுத்திப் பார்த்தார், அரிசியோ மக்காச்சோளமோ கொடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் குழந்தையின் மலத்தில் எவ்வளவு கொழுப்பு செரிக்காமல் போகிறது என்று சகாக்கள் அளந்தார்கள். கோதுமை கொடுத்தால் அளவு ஏறியது; அரிசியில் ஏறவில்லை. 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அதை ஆய்வேடாகக் கொடுத்தார்.

சேர்த்துப் பார், நீக்கிப் பார். அறிவியலில் ஒரு காரணத்தை நிலைநாட்ட இதைவிட நேரான வழி இல்லை. சங்கடம் என்னவென்றால், குழந்தைக்கு மறுபடி நோயை வரவழைத்தால்தான் இதைச் செய்ய முடியும். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

டிக்கேவுக்குப் பிறகு, குடலுக்குள் நடப்பதைப் பல ஆய்வுக்கூடங்கள் துண்டுதுண்டாகச் சேர்த்தன. அதைச் சொல்லக் கல்யாண வீட்டைத் துணைக்கு அழைக்கிறேன். நம் செரிமானநீர்கள் பசையத்தை முழுதாக வெட்டுவதில்லை. 33 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டு வெட்டுப்படாமலே நிற்கும் என்று ஸ்டான்ஃபோர்டில் சைதன் கோஸ்லாவின் குழு 2002-இல் காட்டியது. இது எல்லோருடைய வயிற்றிலும் நடப்பதுதான். குடல்சுவருக்குள் நுழையும் இத்தகைய துண்டுகளைச் சில காவல்செல்கள் எடுத்து, தம் மேற்பரப்பில் இருக்கும் ஒருவகைத் தட்டில் வைத்து நீட்டும். சீர்வரிசைத் தட்டை ஏந்தி நிற்பதுபோல. உதவும் டி செல்கள் என்ற பெரியவர்கள் ஒவ்வொரு தட்டாக எட்டிப் பார்த்துக்கொண்டே போவார்கள். வேண்டியதா வேண்டாததா என்பது அவர்கள் தீர்ப்பு.

தட்டின் வடிவத்தை முடிவுசெய்வது எச்எல்ஏ என்ற மரபணுக் குடும்பம். அதில் டிக்யூ2, டிக்யூ8 என்ற இரு வகைத் தட்டுகளில் மட்டும் பசையத் துண்டு வாகாக உட்காரும். மேலே சொன்ன 38 சதவீதம் இந்தத் தட்டு உள்ளவர்கள்தான். அதோடு நம் திசுக்களிலேயே இருக்கும் டிரான்ஸ்குளூட்டாமினேஸ் என்ற நொதி பசையத் துண்டின் மின்னூட்டத்தை லேசாக மாற்றிவிடும். மாற்றிய துண்டு, தட்டில் அரக்கு வைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். சீலியாக் நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள்கள் தாக்குவது இந்த நொதியைத்தான் என்று 1997-இல் ஜெர்மனியில் டீட்லெஃப் ஷூப்பான் குழு கண்டறிந்தது. இன்று ஆய்வகத்தில் செய்யும் ரத்தப் பரிசோதனை அதை வைத்துத்தான்.

இத்தனை தெரிந்தும் நடுவில் ஒரு பெரிய ஓட்டை. தட்டைப் பார்த்துக் கோபப்படும் உதவும் டி செல் யாரையும் கொல்வதில்லை. குடல்சுவர்ச் செல்களைக் கொல்வது வேறொரு வகை: கொல்லும் டி செல்கள். அவை பசையத்தைப் பார்ப்பதே இல்லை, அந்தத் தட்டை அவற்றால் படிக்க முடியாது. அப்படியானால் பந்தலில் கோபம் வந்த பெரியவர், கொல்லைப்புறத்தில் நிற்கும் முரட்டு இளைஞர்களுக்குச் சேதி அனுப்பியது யார் மூலம்?

இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாமல் போனதற்கு ஒரு எளிய காரணம்: மருத்துவர் எப்போதும் மறுநாள் காலையில்தான் வருகிறார். நோயாளி அவரிடம் வரும்போது நோய் தொடங்கி மாதங்களோ வருடங்களோ ஆகியிருக்கும். எண்டோஸ்கோப்பி குழாயை விட்டு ஒரு துணுக்குக் கிள்ளி, நுண்ணோக்கியில் பார்த்தால் உடைந்த நாற்காலி தெரியும், கிழிந்த பந்தல் தெரியும், இன்னும் முறைத்துக்கொண்டு நிற்கும் ஆட்கள் தெரிவார்கள். யார் முதலில் கை ஓங்கினார் என்று எந்தப் புகைப்படமும் சொல்லாது.

எலியில் பார்க்கலாமே என்றால், எலிக்கு இயல்பாகச் சீலியாக் நோய் வருவதில்லை. மனிதரின் டிக்யூ8 தட்டைப் பொருத்தி, இன்டர்லூக்கின்-15 என்ற சமிக்ஞைப் புரதத்தையும் குடலில் மிகையாகச் சுரக்கவைத்து, பசையம் தின்றால் குடலுறிஞ்சி மழியும் எலியைச் சிகாகோவில் பானா ஜப்ரியின் குழு உருவாக்கியது. அது வெளிவந்தது 2020-இல்தான். அரிய சாதனை. ஆனால் எதைச் சந்தேகிக்கிறோமோ அதை முன்கூட்டியே எலிக்குள் வைத்துவிட்டோம். நாம் நினைத்துப் பார்க்காத ஆளை அந்த எலி காட்டிக்கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நீரிழிவில் நிலைமை இன்னும் வேடிக்கை. 1980-இல் ஜப்பானில் அறிமுகமான ஒருவகை எலிக்கு முதல்வகை நீரிழிவு தானாகவே வரும். அந்த எலியில் நோயைத் தடுக்க நூற்றுக்கணக்கான வழிகள் பலித்திருக்கின்றன. மனிதரில் நோயைத் தள்ளிப்போட அமெரிக்கா அனுமதித்த மருந்து ஒன்றே ஒன்று, டெப்லிசுமாப், அதுவும் 2022-இல்.

எலியை விடுங்கள், குரங்கும் ஏமாற்றியிருக்கிறது. 2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், முடக்குவாதம் போன்ற நோய்களுக்காக உருவாக்கிய டிஜிஎன்1412 என்ற எதிர்ப்பொருள் மருந்தை ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்குச் செலுத்தினார்கள். குரங்குக்குத் தீங்கில்லாத அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுத்தது. ஒன்றரை மணிநேரத்துக்குள் ஆறு பேருக்கும் நோயெதிர்ப்பு மண்டலம் கொந்தளித்தது. உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. தீவிர சிகிச்சையில் எல்லோரும் பிழைத்தார்கள். அந்த மருந்து பிடித்துக்கொள்ளும் கொக்கி, மனிதரின் அனுபவம் முதிர்ந்த டி செல்களில் இருக்கிறது, குரங்கின் அதே செல்களில் இல்லை என்பது பிறகுதான் விளங்கியது.

நம் கதைக்கு முக்கியமான பகுதி இதற்கு அப்புறம் வருகிறது. மனித ரத்தச்செல்களையே கண்ணாடிக் குழாயில் எடுத்து அந்த மருந்தைக் கலந்தால்? அதையும் செய்து பார்த்தார்கள். செல்கள் சும்மா இருந்தன! மருந்தை வளர்ப்புக் கிண்ணத்தின் அடியில் ஒட்டி உலரவைத்து, அதன்மேல் செல்களை விட்டபோது கொந்தளித்தன. 2011-இல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் ஆய்வாளர்கள் இன்னொன்று காட்டினார்கள். அதே ரத்தச்செல்களை முதலில் நெருக்கமாக, ஒன்றோடொன்று உரசும்படி வைத்து வளர்த்துவிட்டு மருந்தைக் கொடுத்தால் கரைசலிலேயே கொந்தளிப்பு வந்தது. ரத்தத்தில் தனியாக மிதக்கும்போது சாதுவாக இருக்கும் செல், திசுவில் தோளோடு தோள் உரசி நிற்கும்போது வேறு ஆள். தனியாக வரும்போது தங்கமான பையன், கூட்டத்தோடு சேர்ந்தால் அடையாளம் தெரியாது என்று ஊரில் சொல்வார்களே, அப்படி. தன்னுடல் தாக்குநோயை ஒற்றைச் செல்லுக்குள் தேடுவதில் பயனில்லை; அது அக்கம்பக்கத்தில் நடக்கிறது.

ஆகவே அக்கம்பக்கத்தோடு சேர்த்து, மனிதத் திசுவை, உயிரோடு, உடலுக்கு வெளியே வளர்க்க வேண்டும். அதில் முதல் பாதியைச் சாதித்த ஊரும் டிக்கேவின் உட்ரெக்ட்தான். 2009-இல் அங்கே ஹான்ஸ் கிளெவர்ஸ், தோஷிரோ சாட்டோ இருவரும் சகாக்களும் எலியின் குடல்சுவரிலிருந்து ஒற்றைக் குருத்துச் செல்லை எடுத்து ஜெல் ஒன்றில் பதித்தார்கள். ஸ்டெம் செல் என்று செய்தித்தாளில் படிப்பது இதைத்தான். குடலின் உட்சுவர் நாலைந்து நாளுக்கொரு முறை முழுக்கப் புதிதாவது, பள்ளங்களில் இருக்கும் இந்தக் குருத்துச் செல்கள் இடையறாது துளிர்த்துக்கொண்டே இருப்பதால். உடலுக்கு வெளியிலும் அந்தச் செல் துளிர்த்தது. பள்ளமும் மேடும், உறிஞ்சும் செல்லும் சளி சுரக்கும் செல்லுமாக, கடுகளவில் ஒரு குடல் உருண்டது. ஈராண்டுக்குள் மனிதக் குடலிலும் செய்துவிட்டார்கள்.

இதற்கு ஆர்கனாய்டு என்று பெயர். தமிழில் என்ன சொல்வது? குட்டி உறுப்பு என்று எழுதுகிறார்கள். அது முழு உறுப்பின் சிறிய பிரதி என்ற மயக்கத்தைத் தருகிறது. உறுப்புப்போலி என்றால் கள்ளநோட்டு ஞாபகம் வருகிறது. உறுப்பிலிருந்து எடுத்து, பாத்தியில் வைத்து வளர்ப்பது என்பதால் நான் உறுப்பு நாற்று என்று சொல்லப்போகிறேன். நாற்று மரமாகிவிடாது; ஆனால் மாமரத்தின் நாற்றில் மாவிலைதான் வரும். இன்னொரு விசித்திரம்: இந்த மனித நாற்றுகள் பெரும்பாலும் வேர்பிடிப்பது எலியின் புற்றுக்கட்டியிலிருந்து வடித்த ஜெல்லில். எலியைவிட்டு விலகப் போனவர்கள் எலி மண்ணில்தான் பயிர் வைத்தார்கள்.

உட்ரெக்ட் முறை விதையிலிருந்து வளர்ப்பது. விதை குடல்சுவர்ச் செல்லின் விதை என்பதால் சுவர் மட்டுமே முளைக்கும். காவல்செல் இல்லை, உதவும் டி செல் இல்லை, கொல்லும் டி செல் இல்லை, அவற்றைத் தாங்கி நிற்கும் நார்த்திசுவும் இல்லை. அடிபடுகிறவர் இருக்கிறார், அடிப்பவர் யாரும் இல்லை. தனியே வளர்த்த எதிர்ப்புச் செல்களைப் பிறகு கொண்டுவந்து சேர்க்கலாம். ஆனால் யாரைச் சேர்ப்பது, எந்த விகிதத்தில் என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டும். எலியில் வந்த அதே சிக்கல். நமக்குத் தெரிந்தவர்களை மட்டும் அழைத்து நடத்தும் கல்யாணத்தில் தெரியாத குற்றவாளி எப்படி வருவான்?

ஸ்டான்ஃபோர்டில் கால்வின் குவோவின் ஆய்வுக்கூடம் வேறு வழியில் போனது. விதை வேண்டாம், செடியை வேரடி மண்ணோடு பெயர்ப்போம் என்பது அவர்கள் எண்ணம். எண்டோஸ்கோப்பியில் கிள்ளிய முன்சிறுகுடல் துணுக்கைத் தனித்தனிச் செல்லாகக் கரைக்காமல், பொடியாக நறுக்கிக் கொலாஜன் ஜெல்லில் அப்படியே பதித்தார்கள். சுவர்ச்செல், அதற்கடியில் நார்த்திசு, இடுக்குகளில் குடியிருக்கும் எதிர்ப்புச் செல்கள் எல்லாம் அவரவர் இடத்திலேயே. ஜெல் இருக்கும் கிண்ணத்தின் அடி நுண்துளை கொண்டது; அது சத்துநீர் ஊற்றிய இன்னொரு கிண்ணத்துக்குள் உட்காரும். மேற்புறம் காற்று. துளையுள்ள பூந்தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் கீழிருந்து ஈரம் ஏறும், மேலே காற்றோட்டம் இருக்கும் அல்லவா, அதே ஏற்பாடுதான். முழுக்க நீரில் மூழ்கிய துணுக்கில் நடுப்பகுதிச் செல்களுக்கு ஆக்சிஜன் எட்டாது, இதில் எட்டுகிறது. இந்த முறையை அவர்கள் 2009-இலேயே தொடங்கி, பின்னர் புற்றுக்கட்டிகளில் பழகி, டி செல் ஆய்வில் முன்னோடியான மார்க் டேவிஸின் குழுவோடு சேர்ந்து சீலியாக்கில் செய்து, 2024-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். முதல் ஆசிரியர் அன்டோனியோ சான்டோஸ்.

முதல் கேள்வி: பெயர்த்த மண்ணில் ஊர் மிஞ்சியதா? எண்ணிப் பார்த்தார்கள். டி செல்கள், பி செல்கள், எதிர்ப்பொருள் சுரக்கும் செல்கள், காவல்செல்கள் எல்லாம் இருந்தன. அத்தோடு ஒவ்வொரு டி செல்லும் எதை அடையாளம் காணும் என்று காட்டும் ஏற்பிகளும் விதவிதமாக இருந்தன. பத்துப் பேரை நூறாகப் பெருக்கிய கூட்டமாக இல்லாமல் உண்மையான கலவை.

பிறகு பசையத் துண்டுகளை விட்டார்கள். டிக்யூ2 தட்டுள்ள சீலியாக் நோயாளிகளின் நாற்றுகளில் சுவர்ச்செல்கள் சாகத் தொடங்கின. ஆனால் ஒரு ஆய்வைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியது, என்ன நடந்தது என்பதோடு எங்கே நடக்கவில்லை என்பதையும். நோயில்லாதவர்களின் நாற்றில் பசையம் விட்டால் அழிவு இல்லை. நோயாளியின் நாற்றிலேயே பசையத்துக்குப் பதில் வேறு புரதத்துண்டு விட்டால் அழிவு இல்லை. தட்டை மூடிவிடும் எதிர்ப்பொருளைச் சேர்த்தபின் பசையம் விட்டால் அழிவு தடைபட்டது. ஆகவே செல்கள் செத்தது வளர்ப்புக் கோளாறால் என்றோ, எதைப் போட்டாலும் சாகும் என்றோ சொல்ல முடியாது. கூடவே அந்தக் கடுகளவு நாற்று, நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் அதே நொதி எதிர்ப்பொருளைத் தானாகச் சுரந்தது. படித்தபோது நான் வியந்து நிறுத்திய இடம் இது. ஆய்வாளர் அதைச் செய்யச் சொல்லவில்லை. ஊர் தன் வழக்கப்படி செய்துகொண்டது.

இப்போது அந்த ஓட்டைக்கு வருவோம்: சேதி கொண்டுபோனது யார்? கொல்லும் டி செல்கள் தாக்கும்போது என்கேஜி2சி, என்கேஜி2டி என்ற ஏற்பிகளை மேற்பரப்பில் அதிகமாக ஏற்றிக்கொள்கின்றன. அவற்றைத் தடுத்தாலும் அழிவு தடைபட்டது. அவற்றை ஏற்றச்சொல்வது எது என்று தேடியபோது, பசையம் விட்டதும் நாற்றில் இன்டர்லூக்கின்-7 என்ற சமிக்ஞைப் புரதம் ஏறுவது தெரிந்தது. சீலியாக்கில் பல காலமாகச் சந்தேகப் பட்டியலின் முதலில் இருந்தது அதன் உறவான 15-ஆம் எண். 7-ஐ இந்தச் சண்டையோடு யாரும் பெரிதாகச் சேர்த்துப் பேசியதில்லை.

ஏறுவது மட்டும் போதாது. வீடு எரியும் இடத்திலெல்லாம் தீயணைப்பு வண்டி நிற்கிறது என்பதற்காக வண்டிதான் கொளுத்தியது என்று சொல்லலாமா? அதனால் டிக்கேவின் பழைய வழிக்கே போனார்கள். பசையத்தைக் கொடுத்து, 7-ஐ மட்டும் தடுத்தார்கள்: சுவர் தப்பியது. பசையமே இல்லாமல் 7-ஐ மட்டும் கொடுத்தார்கள்: சுவர் அழிந்தது. இல்லாமல் நடக்காது, இருந்தாலே நடந்துவிடும். தேவையும் அதுதான், போதுமானதும் அதுதான். டிக்கே இதைக் குழந்தைகளின் உடலில் செய்ய வேண்டியிருந்தது. இங்கே நோயைத் திரும்ப வரவழைத்தது ஏற்கெனவே கிள்ளி எடுத்த துணுக்கில். நோயாளி வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

அந்த 7 எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நார்த்திசுச் செல்களிலிருந்து. குடலுறிஞ்சிக்குள் முட்டுக்கொடுத்து நிற்கும், இந்த வழக்கில் யாரும் பெயர் சொல்லாத செல்கள். பந்தல்கால் பேசியதுபோல! விதையிலிருந்து வளர்த்த நாற்றில் இந்தச் செல்கள் கிடையாது. ரத்தச்செல்களை மட்டும் குழாயில் வைத்துப் பார்த்திருந்தால் இவை அங்கும் இருந்திருக்காது. வேரடி மண்ணை உதறாமல் வைத்ததால் கிடைத்த சாட்சி இது.

நாற்றில் கண்டது உடலிலும் நடக்கிறதா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் விட்டுவிடவில்லை. நோய் முனைப்பாக இருப்பவர்களிடமிருந்தும், பசையத்தை விலக்கித் தேறியவர்களிடமிருந்தும் எடுத்த குடல் துணுக்குகளை நேரடியாகப் பார்த்தார்கள். முனைப்பானவர்களிடம் 7 மிகவும் ஏறியிருந்தது. மறுநாள் காலைப் புகைப்படத்துக்கு இப்போது வேறு மதிப்பு. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

இதற்குமேல் உற்சாகப்படுவதற்கு முன் நாற்றில் இல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ரத்த ஓட்டம் இல்லை. ஆகவே புதிதாக ஆள் வந்து சேர வழியில்லை, உள்ளூர்க்காரர்கள் நாளடைவில் குறைந்துபோவார்கள். நிணநீர்க் கணு இல்லை. டி செல்கள் முதன்முதலில் பாடம் படிப்பது அங்கேதான். குடலில் நம்மோடு வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியிடமிருந்து எடுத்த துணுக்கில் இருப்பவர்கள் ஏற்கெனவே ஒருமுறை சண்டை போட்டுப் பழகியவர்கள். சண்டை மறுபடி எப்படி மூள்கிறது என்று நாற்று காட்டுகிறது. வாழ்க்கையில் முதல்முறை ஏன் மூண்டது என்பதை இன்னும் காட்டவில்லை. தொடக்கத்தில் கேட்ட கேள்வி, அந்த 38 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு மட்டும் ஏன் என்பது, அதனால் இன்னும் நிற்கிறது. அதற்கு வைரஸ் தொற்று உள்ளிட்ட பல சந்தேகங்கள் உண்டு, தீர்ப்பு இல்லை.

மற்ற உறுப்புகளிலும் இதே முயற்சிகள் நடக்கின்றன. அறுவையில் நீக்கி எறியும் டான்சிலிலிருந்து நாற்று வளர்த்து, தடுப்பூசி போட்டால் அதற்குள்ளேயே எதிர்ப்பொருள் உருவாவதை டேவிஸின் குழுவில் லிசா வேகர் 2021-இல் காட்டினார். நிணநீர்க் கணு இல்லாத குறைக்கு அது ஒரு பதிலாகலாம். கணையத்தையோ மூளையையோ இப்படிக் கிள்ளி எடுக்க முடியாது. அங்கே வேறு பாதை: முதிர்ந்த செல்லைக் குருத்துநிலைக்குத் திருப்பலாம் என்று ஷின்யா யமனாகா 2006-இல் எலியிலும் 2007-இல் மனிதரிலும் காட்டியதை வைத்து, நீரிழிவு நோயாளியின் தோலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ இன்சுலின் செல்லை உண்டாக்கி, அவருடைய டி செல்லோடு எதிர்நிறுத்திப் பார்க்கிறார்கள். மருந்துப் பரிசோதனை விதிகளும் மெல்ல நகர்கின்றன. புது மருந்தை விலங்கில் சோதித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை அமெரிக்கா 2022 டிசம்பரில் நீக்கியது. இந்தியாவும் 2023-இல் தன் விதிகளைத் திருத்தி, உறுப்பு நாற்றுச் சோதனைகளுக்கு இடம் கொடுத்தது.

இன்டர்லூக்கின்-7-ஐத் தடுத்துச் சீலியாக் நோயாளியைக் குணப்படுத்தலாமா என்று உடனே கேட்கத் தோன்றும். அது டி செல்கள் உயிர்வாழவே வேண்டிய புரதம். தடுத்தால் வேறு எதெல்லாம் சரியும் என்று பார்க்காமல் கைவைக்க முடியாது. சீலியாக்குக்கு இன்றும் அனுமதி பெற்ற மருந்து எதுவும் இல்லை. டிக்கே சொன்ன பத்தியம்தான்: கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி கூடாது; கோதுமை மாவு சேர்த்துக் கூட்டிய பெருங்காயம்கூடக் கூடாது. சோறு, இட்லி, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் எல்லாம் சாப்பிடலாம்.

கடைசியாக ஒன்று. தீராத வயிற்றுப்போக்கோ ரத்தசோகையோ இருந்து, கோதுமையாக இருக்குமோ என்று உங்களுக்கோ வீட்டிலுள்ள பிள்ளைக்கோ சந்தேகம் வந்தால், நீங்களாகச் சப்பாத்தியை நிறுத்திவிடாதீர்கள். வழக்கம்போலச் சாப்பிட்டுக்கொண்டே போய் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறுத்திச் சில மாதம் கழித்துப் போனால் எதிர்ப்பொருள் இறங்கியிருக்கும், குடலுறிஞ்சி திரும்ப வளர்ந்திருக்கும். மருத்துவருக்குக் கிடைப்பது கூட்டிப் பெருக்கி முடித்த பந்தல்தான்.